சுவருக்குள் இருக்கும் மணல்: திருகோணமலையில் பொலிஸ் ஊழல் பற்றி ஒரு நியோ நுவார் குறும்படம் எடுப்பது எப்படி

"பொலிஸ் ஊழலைப் பற்றி ஒரு நியோ நுவார் படம் எடுக்கப் போறன் அண்ணா, என்ன லென்ஸ் வாங்கலாம்?" திருகோணமலையில் படம் எடுக்க ஆசைப்படுகிற தம்பி தங்கச்சிமார் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி. உங்கள் கதையில் இலஞ்சமாகக் கைமாறும் பொருள் என்ன? அதற்குப் பதில் இருந்தால் கையிலிருக்கும் போன் போதும். பதில் இல்லாவிட்டால் எந்த லென்ஸும் உதவாது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு இந்தப் படவகையின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். 'பிலிம் நுவார்' என்றால் பிரெஞ்சில் கறுப்புப் படம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து அமெரிக்கக் குற்றப்படங்கள் ஒரேயடியாகப் பாரிசுக்கு வந்திறங்கியபோது, 1946இல் நீனோ பிராங்க் என்ற விமர்சகர் அந்தப் பெயரை வைத்தார். அந்தக் காலத்து ஹொலிவூட்டுக்கு ஒரு தணிக்கைக் கோவை இருந்தது. 1934இலிருந்து இறுக்கமாக நடைமுறையில் இருந்த அந்தக் கோவையின்படி, குற்றம் செய்தவன் கடைசியில் தண்டனை பெற்றே ஆக வேண்டும். 1968இல் அது போனது. அதற்குப் பிறகு, தவறு செய்த அதிகாரி தப்பி நடந்துபோவதோடும் படத்தை முடிக்க முடிந்தது. நிறப்படங்களாக வந்த புதிய அலைக்கு நியோ நுவார் என்று பெயர். பழைய படங்களில் குற்றவாளி பெரும்பாலும் வெளியில் இருந்தான். புதிய படங்களில் அவன் மேசைக்குப் பின்னால், சீருடையில் இருந்தான்.

அதே காலத்தில் நியூயோர்க் நகரப் பொலிசின் ஊழலை விசாரிக்க 1970இல் நாப் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 1972இல் வந்த அதன் அறிக்கை, ஊழல் செய்யும் பொலிஸ்காரர்களை இரண்டாகப் பிரித்தது: புல் தின்பவர்கள், இறைச்சி தின்பவர்கள். தேடித்தேடிப் பெருந்தொகை பறிப்பவன் இறைச்சி தின்பவன். வழியில் கிடைப்பதை மறுக்காமல் வாங்கிக்கொள்பவன் புல் தின்பவன். எண்ணிக்கையில் பெருகி, ஊழலை மரியாதையான பழக்கமாக்கி விடுகிற புல் தின்பவர்கள்தான் பிரச்சினையின் மையம் என்று ஆணைக்குழு கருதியது. திரைக்கதை எழுதுபவருக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. இறைச்சி தின்பவனைப் பற்றி எடுத்தால், பார்க்கிறவர் "அவன் கெட்டவன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். புல் தின்பவனைப் பற்றி எடுங்கள்.

முதல் படி: இலஞ்சத்தை ஒரு பொருளாக்குங்கள்

காசு கைமாறுகிற காட்சியை நாம் ஆயிரம் தடவை பார்த்துவிட்டோம். லைசன் உறைக்குள் மடித்து வைத்த ஆயிரம் ரூபாத் தாள், தீப்பெட்டிக்குள் தாள், பத்திரிகைக்குள் கவர். காசு செலவாகி மறைந்துவிடும். படம் முழுக்கக் கண்ணுக்கு முன்னால் இருக்கக்கூடிய ஒன்றைத் தேடுங்கள்.

எங்கள் பக்கத்தில் அது மணல். மகாவலி கொட்டியாரக் குடாவில் விழுகிற இடம் இங்கேதான். மணல் அகழவும் ஏற்றவும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் பெர்மிட் வேண்டும். பெர்மிட் இருக்கிற இடத்தில் பெர்மிட்டைச் சுற்றிப் போகிற வழியும் இருக்கும். இதை வைத்து ஒரு கதையைச் சொல்கிறேன், வழிகாட்டி முழுக்க இதுவே உதாரணம்.

ஒரு பொலிஸ் சார்ஜன்ட் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். லோன் காசு அத்திவாரத்தோடு முடிந்துவிட்டது. இரவு டியூட்டியில் நிறுத்திய டிப்பர் லொறி ஒன்றை, பெர்மிட்டில் திகதி அழிந்திருந்தும், போக விடுகிறார். காசு கேட்கவில்லை. இரண்டு நாளில் அவருடைய வளவுக்கு முன்னால் ஒரு லோட் மணல் கொட்டிக் கிடக்கிறது. யார் கொட்டியது என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. சுவர் எழும்புகிறது. மூன்று மாதம் கழித்து கிண்ணியா வீதியில் இரவில் ஒரு டிப்பர், சைக்கிளில் வந்த பையனை அடித்துப்போட்டுவிட்டு நிற்காமல் போகிறது. முறைப்பாட்டை எழுத வேண்டியவர் அந்த சார்ஜன்ட். எந்த டிப்பர் என்று அவருக்குத் தெரியும். அந்த மணல் அவருடைய சுவருக்குள் பூசப்பட்டுக் காய்ந்துவிட்டது. தோண்டி எடுத்துத் திருப்பிக் கொடுக்க முடியாது.

நுவார் என்பது இதுதான். தன் குற்றத்தை ஒருவன் கண்டுபிடிக்கிற நேரத்தில் அவன் ஏற்கெனவே அதற்குள் குடியேறிவிட்டான். நிழல், மழை, சிகரெட் எல்லாம் அப்புறம்.

உங்கள் கதையில் மணலாக இருக்க வேண்டியதில்லை. மீன் பெட்டி, விறகு, பிள்ளையின் பாடசாலை அனுமதி, எதுவாகவும் இருக்கலாம். எழுதத் தொடங்குமுன் இரண்டு சோதனை செய்யுங்கள். அந்தப் பொருளைக் கடைசிக் காட்சியில் தொட்டுக் காட்ட முடிகிறதா? அதைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் இருக்கிறதா?

இரண்டாம் படி: சார்ஜன்ட்டை நம்மவராக எழுதுங்கள்

எங்கள் ஊர் இளையவர்கள் எழுதுகிற பொலிஸ் கதைகளில் ஊழல் செய்பவர் எப்போதும் வெளியூர்க்காரர், வேறு மொழிக்காரர். அது தப்பிக்கிற வழி. சார்ஜன்ட் தமிழ் பேசுகிறவராக இருக்கட்டும். கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலுக்குக் காசு கொடுப்பவராக, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவராக இருக்கட்டும். அவரை வெறுக்க முடியாமல் பார்வையாளர் தவிக்க வேண்டும்.

பழைய நுவாரில் நாயகனைக் கவிழ்க்கிற அழகி ஒருத்தி வருவாள். அவளை அப்படியே இறக்குமதி செய்யாதீர்கள், இங்கே ஒட்டாது. அந்த இடத்துக்கு நான் பரிந்துரைப்பது பெட்டிசம், அதாவது முறைப்பாட்டு மனு, எழுதிக் கொடுக்கிற ஒரு பெண்ணை. தமிழும் சிங்களமும் சரளமாக எழுதுவாள். ஊரின் குறைகளெல்லாம் அவளுடைய மேசையைத் தாண்டித்தான் கந்தோர்களுக்குப் போகின்றன. அவளுக்கும் ஒரு விலை இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறாள், சில பக்கங்களை எழுதாமல் இருப்பதற்கும் வாங்கியிருக்கிறாள்.

மூன்றாவது, பையனின் தாய். கிண்ணியாக்காரி. அவருக்கு வசனம் குறைவாக வையுங்கள். அழ வைக்கவே வேண்டாம்.

மூன்றாம் படி: என்ட்ரி எழுதுகிற காட்சி

இந்தப் படத்தின் இதயம் இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நின்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் அடையாள அட்டை தொலைந்து, ஒரு பொலிஸ் நிலையத்தில் என்ட்ரி, அதாவது முறைப்பாட்டுப் பதிவு, போடப் போனேன். நான் தமிழில் சொன்னேன், அவர் சிங்களத்தில் எழுதினார், வாசித்துக் காட்டவில்லை. கீழே கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்து மர நிழலில் நின்றபோதுதான், நான் எதற்குச் சம்மதித்தேன் என்று எனக்கே தெரியவில்லை என்பது உறைத்தது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. நான் அன்று மேசைக்கு முன்னால் அதைக் கேட்கவில்லை. என்னைப் போல் கேட்காமல் வந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த மௌனத்தைப் படத்தில் கொண்டு வாருங்கள்.

காட்சியை இப்படி அமைக்கலாம்.

"டிப்பர்ட நம்பர் பார்த்தீங்களா உம்மா?"

"நம்பர் தெரியா சேர். முன்கண்ணாடியில மஞ்சள் எழுத்தில பேர் ஒண்டு இருந்திச்சி."

"என்ன பேர்?"

தாய் சொல்கிறார். சார்ஜன்ட்டின் பேனா ஒரு நொடி நிற்கிறது. பிறகு எழுதுகிறது. கமரா முகத்துக்குப் போகக்கூடாது, பேனா முனையிலேயே இருக்க வேண்டும். அவர் சிங்களத்தில் எழுதுவது "வாகனம் ஒன்று" என்று மட்டும். டிப்பர் என்றும் இல்லை, பெயரும் இல்லை. தாய் கையெழுத்து வைக்கிறார்.

இங்கே உபதலைப்பு போடாதீர்கள். திருகோணமலையில் திரையிட்டால் சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு அந்த நொடியிலேயே விஷயம் புரிந்துவிடும். மற்றவர்களுக்குப் புரியாது. பத்து நிமிடம் கழித்து பெட்டிசம் எழுதுகிற பெண் பிரதியை வாசித்துவிட்டு, "இதில டிப்பர் எண்டே இல்லையே உம்மா, வாகனம் எண்டுதான் கிடக்கு" என்று சொல்லும்போதுதான் மிச்சப்பேருக்குத் தெரியவரும். ஒரே அறையில் பாதிப்பேர் முன்பே தெரிந்துகொண்டு பேசாமல் இருந்தார்கள் என்பதும் அப்போதுதான் வெளிவரும். இதை உங்களுக்கு வேறு எந்த ஊரும் தராது.

ஒரு சின்ன விஷயம். புத்தகத்தின் பக்கத்தைக் கிழித்தால் தெரிந்துவிடும். ஒரு சொல்லை மாற்றி எழுதினால் தெரியாது. சார்ஜன்ட் பொய் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். டிப்பரும் வாகனம்தானே என்று அவர் தனக்குள் சொல்லிக்கொள்வார். புல் தின்பவனின் மனச்சாட்சி இப்படித்தான் வேலை செய்யும்.

நான்காம் படி: சட்டமும் அனுமதியும்

கதைக்குத் தேவையான சட்டத்தைத் தெரிந்து வையுங்கள். இப்போது நடைமுறையில் இருப்பது 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம். இலஞ்சம் காசாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வாங்குவது போலக் கொடுப்பதும் குற்றம். முறைப்பாடு சொல்ல இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கம் இருக்கிறது. அந்த இலக்கத்தைப் பெட்டிசம் எழுதுகிற பெண்ணின் மேசைக் கண்ணாடிக்குக் கீழே ஒரு துண்டில் எழுதி வைத்தாலே போதும். யாரும் அதைப் பற்றிக் கதைக்க வேண்டாம்.

சீருடை பெரிய சிக்கல். பொலிஸ் சீருடை போட்டுக்கொண்டு வீதியில் நிற்பது அனுமதி இல்லாமல் செய்யக்கூடிய வேலை இல்லை. முறையாக எழுத்தில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் கவலைப்படாதீர்கள், படம் இன்னும் நன்றாக வரும். ஆணியில் தொங்குகிற காக்கிச் சேட், கதிரையில் கிடக்கிற பெல்ட், மேசையில் தொப்பி, பெனியனோடு உட்கார்ந்திருக்கிற மனிதன். சீருடையைக் கழற்றிய பிறகும் அது அவரை விடவில்லை என்பதை அந்தச் சேட் சொல்லிவிடும். பொலிஸ் நிலையத்தை ஒரு தெரிந்தவர் வீட்டு விறாந்தையில் அமைக்கலாம். ஒரு நீள மேசை, தடித்த புத்தகம், சுவர் மணிக்கூடு, பிளாஸ்டிக் கதிரைகள், அவ்வளவுதான்.

இடங்களைப் பொறுத்தவரை ஆசையை அடக்குங்கள். கடற்படைத் தளம், துறைமுகம், சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் எல்லாம் திரையில் அற்புதமாக இருக்கும், ஆனால் கமராவைத் தூக்கிக்கொண்டு போகிற இடங்கள் அல்ல. பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, கோணேசர் கோயிலுக்குப் போகிற பாதையும் அதற்குள்ளால்தான். கேட்காமல் எடுக்க வேண்டாம். ட்ரோன் பறக்க விடவும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உண்டு. இந்தக் கதைக்கு ட்ரோனே தேவையில்லை, மேலிருந்து பார்க்கிற கண் நுவாருக்கு ஒத்துவராது.

உண்மைப் பெயர், உண்மை வாகன இலக்கம், அடையாளம் தெரிகிற பொலிஸ் நிலையம் எதையும் வைக்காதீர்கள். குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டாலும் சிவில் வழக்கு போட முடியும். இணையத்தில் ஏற்றுவதாக இருந்தால் 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் ஒருதரம் வாசித்துவிட்டு, தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் திரைக்கதையைக் காட்டுங்கள்.

ஐந்தாம் படி: காற்றும் வெளிச்சமும்

ஹொலிவூட்டில் தண்ணீர் பவுசர் கொண்டு வந்து வீதியை நனைப்பார்கள், விளக்கு வெளிச்சம் தாரில் பளபளக்க வேண்டும் என்பதற்காக. எங்களுக்கு அதை வாடைக் காற்றுக் காலம் செய்து தரும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழையில் வீதி இரவு முழுக்க ஈரமாக இருக்கும். இரவுக் காட்சிகளை அப்போது எடுங்கள். மணல் கொட்டுகிற காட்சி, சுவர் எழும்புகிற காட்சி, வியர்வை, புழுதி எல்லாவற்றையும் ஜூன், ஜூலையில் கச்சான் என்கிற வரண்ட தென்மேல் காற்று அடிக்கிற நாட்களில் எடுங்கள். கச்சான் காற்றில் மணல் பறந்து வீட்டுக்குள், பாத்திரத்துக்குள், படுக்கைக்குள் வந்து விழும். அதை நடிகரிடம் சொல்லி நடிக்க வைக்க வேண்டியதில்லை, ஜன்னலைத் திறந்து வைத்தால் சரி.

எங்கள் பட்டினம் ஒடுக்கமான நிலத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் உட்துறைமுகம். சூரியன் கடற்பக்கம் எழும்பி துறைமுகப் பக்கம் விழும். அதனால் மாலையில் ஒரே தெருவின் ஒரு முனை செம்மையாகவும் மறுமுனை இருட்டாகவும் இருக்கும். டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும், நீல வெளிச்சம் இருபது நிமிடத்தை ஒட்டித்தான் நிற்கும். அந்த இருபது நிமிடத்துக்கு ஒரு ஷொட்டை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னேரம் மூன்று மணியிலிருந்து ஒத்திகை பாருங்கள்.

உள்ளே எடுக்கும்போது ஒரு விளக்கு போதும். மேசை விளக்கோ எல்.ஈ.டி. பனலோ, ஒரு பக்கத்திலிருந்து மட்டும். மறுபக்கத்தில் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற வெள்ளைச் சுவர் இருந்தால் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். முகத்தின் வெளிச்சப் பக்கம், இருட்டுப் பக்கத்தைவிட மூன்று ஸ்டொப் கூடுதலாக இருந்தால் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு), அதாவது எட்டுக்கு ஒன்று என்றால், நுவாரின் முகம் கிடைத்துவிடும். கண்ணில் ஒரு சின்ன ஒளிப்பொட்டு மட்டும் தப்பாமல் இருக்கட்டும்.

நிறங்களை ஊரே தரும். பழைய சோடியம் விளக்கு எஞ்சியிருக்கிற ஒழுங்கையில் எல்லாமே செம்மஞ்சளாகி, மனிதத் தோலும் சுவரும் ஒரே நிறமாகத் தெரியும். எல்.ஈ.டி. மாற்றிய வீதியில் வெளிறிய வெள்ளை. தேத்தண்ணிக் கடையின் டியூப் லைட்டில் மெல்லிய பச்சை. சார்ஜன்ட் தன் வீட்டுக்குப் போகிற வழியை இந்த மூன்றாலும் பிரியுங்கள், வீட்டுக்குக் கிட்டப் போகப் போகச் செம்மஞ்சள் கூடட்டும்.

ஆறாம் படி: கமராவைப் பூட்டுங்கள்

போனில் எடுப்பவர்கள் அவசியம் செய்ய வேண்டியவை சில. செக்கனுக்கு 25 பிரேம், ஷட்டர் வேகம் செக்கனில் ஐம்பதில் ஒன்று. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால், 30 பிரேமும் அறுபதில் ஒன்றும் வைத்தால் டியூப் லைட்டுக்குக் கீழே படம் துடிக்கும். எனது ஒரு முழு இரவு வேலை இதனால் வீணானது. வைட் பலன்ஸையும் எக்ஸ்போஷரையும் கையால் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் செம்மஞ்சள் விளக்கை போன் தானாகவே வெள்ளையாக்கி, நீங்கள் காத்திருந்த நிறத்தைத் துடைத்துவிடும். பிளாக்மேஜிக் கமரா செயலி இலவசம், இவையெல்லாம் அதில் இருக்கின்றன. இருட்டை இருட்டாகவே விடுங்கள். ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கமராவின் ஒளியுணர்திறனை, கூட்டி நிழலைத் திறக்கப் பார்த்தால் புள்ளி புள்ளியாக வரும்.

ஒரு ஷொட்டை மட்டும் விடாப்பிடியாக எடுக்கச் சொல்வேன். எங்கள் பட்டினத்து மான்கள் இரவில் வீதிக்கு வந்து, குப்பைக்குள் சாப்பாட்டுப் பார்சலும் பொலித்தீனும் தின்கின்றன. வாகன வெளிச்சம் பட்டால் அவற்றின் கண்கள் பச்சையாக ஒளிரும். டிப்பரைப் போக விடுகிற காட்சியில் சார்ஜன்ட் டோர்ச்சை இறக்கும்போது, பின்னால் அந்த இரண்டு கண்களும் தெரியட்டும். புல் தின்ன வேண்டியது வேறெதையோ தின்றுகொண்டிருக்கிறது. விளக்கிச் சொல்லும் வசனம் வேண்டாம். மானைத் துரத்தவோ சாப்பாடு போட்டு வரவழைக்கவோ வேண்டாம். காத்திருங்கள், வரும்.

ஏழாம் படி: ஒலி

படத்தைவிட ஒலிக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். கச்சான் காற்று மைக்கைத் தின்றுவிடும், மயிர்த்துணி உறை இல்லாமல் வெளியே வசனம் பதியாதீர்கள். பின்னணி இசைக்குப் பதிலாக ஊரின் ஒலிகளை ஒழுங்கு செய்யலாம். மண்வெட்டி மணலுக்குள் இறங்குகிற சத்தம், சீமெந்தோடு கலக்கும்போது அது மாறுகிற விதம், சாந்தைச் சுவரில் அடிக்கிற சத்தம். இந்த மூன்றையும் தனியாக, கிட்ட வைத்துப் பதியுங்கள். பிறகு என்ட்ரி எழுதுகிற காட்சியில், பேனா தாளில் உரசுகிற ஒலிக்குக் கீழே மண்வெட்டிச் சத்தத்தை மெல்லியதாகக் கலந்து வையுங்கள். யாரும் கவனிக்கமாட்டார்கள், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்.

விடியற்காலையில் பாண் ஓட்டோவின் மெட்டு தெருத்தெருவாக வரும். சார்ஜன்ட் நித்திரையில்லாமல் கிடக்கிற காட்சிக்கு அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. ஊர் வழமை போல விடிகிறது, பாண் வாங்க ஆட்கள் வாசலுக்கு வருகிறார்கள்.

எட்டாம் படி: வெட்டு, பிறகு காட்டு

டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பு தொகுப்புக்கும் நிறத்துக்கும் போதும். பதினெட்டு நிமிடத்துக்கு மேல் போக விடாதீர்கள். வெட்டும்போது, சார்ஜன்ட் தன்னை நியாயப்படுத்துகிற வசனங்கள் எல்லாவற்றையும் ஒருதரம் நீக்கிப் பாருங்கள். கதை புரிந்தால் அவற்றைத் திரும்பச் சேர்க்காதீர்கள். பொது மண்டபத்தில் காட்டுவதென்றால் தணிக்கைச் சபையின் அனுமதி பற்றி முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

முதல் வெட்டை மூன்று பேருக்காவது காட்டுங்கள். பொலிசில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், மணல் ஏற்றுகிற ஒருவர், வீடு கட்டிக்கொண்டிருக்கிற ஒருவர். பொலிஸ்காரர் நடைமுறைத் தவறுகளைச் சொல்வார், மணல்காரர் வாகனத் தவறுகளைச் சொல்வார். வீடு கட்டுகிறவர் என்ன சொல்கிறார் என்பதைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். அவர் பேசாமல் இருந்தால் இன்னும் கவனிப்பேன்.

கடைசி ஷொட் உங்கள் விருப்பம். நான் எடுப்பதானால் இப்படி: வீடு குடிபுகுகிறார்கள், பால் பொங்குகிறது, உறவுகள் முற்றத்தில். சார்ஜன்ட் உள்ளறையில் தனியே நின்று, வர்ணம் பூசாத சுவரில் உள்ளங்கையை வைக்கிறார். எடுக்கும்போது கையில் கொஞ்சம் மணல் ஒட்டியிருக்கிறது. வெளியிலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள். அவர் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு போகிறார். கமரா சுவரிலேயே நிற்கட்டும், குறைந்தது பதினைந்து செக்கன்.